மழையில் போன பத்தொன்பது கட்டைகள்

எழுந்திருக்காதீர்கள் அம்மணி, உட்காருங்கள். இன்றைக்கு நோட்டீஸ் இல்லை. நாலு வரிதான். நாலே வரி. தாளில் எழுதிக்கொண்டு வரவில்லை, நான் சொல்லச் சொல்ல நீங்கள் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுத்தால் போதும். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பேசாமல் அந்த நாலு வரி வராது போலிருக்கிறது. ஐந்து நாளாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். நோட்டீஸ் எழுதியே தலை நரைத்த நாச்சிமுத்துவுக்கு நாலு வரி வரவில்லையா என்று. சிரியுங்கள். இந்த ஊரில் எந்த மில் கேட்டிலும் போய்க் கேளுங்கள். மில்லே இல்லை, யாரைக் கேட்பீர்கள், அதை விடுங்கள். என் நோட்டீஸைப் படித்துவிட்டு ஒரு ஷிப்ட் முழுக்க வெளியே வந்திருக்கிறது. இன்றைக்கு என்னடாவென்றால் போனில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் அது போராட்டம். கட்சிக்காரப் பையன்கள் எனக்குக் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நீங்கள் எனக்கு ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தீர்களே, 'பியானோவில் ஒலிக்கும் பாட்டாளியின் குரல்' என்று? இருநூறு பிரதி. தலைப்பைப் பார்த்துவிட்டு, "பியானோவுலீங்களா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டீர்கள். நான்கூட, "அடிக்கறத அடிங்க அம்மணி" என்று சொன்னேன். அந்த இருநூறும் கட்டிப்போட்ட கட்டாகவே என் வீட்டில் இருக்கின்றன. ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கொடுக்கிற முகம் எனக்கு இல்லை.

ஹெப்சிபா என்று ஒரு பெண். பெண் என்ன பெண், அவளுக்கே அறுபது ஆகிறது. சென்னையில் பியானோ கற்றுக்கொடுக்கிறாள். அவள் அப்பா ஞானாபரணம் அண்ணன் எங்கள் மில்லில் ரோலர் கவரிங் செக்‌ஷனில் இருந்தவர். உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். நூல் இழுக்கிற மிஷினில் விரல் கனத்துக்கு இரும்பு உருளைகள் வரிசையாக இருக்கும். அந்த உருளைக்குக் கம்பளித் துணியைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் ஆட்டுத்தோல் உறை மாட்ட வேண்டும். மயிரளவு மேடு பள்ளம் இருந்தாலும் நூல் அறுந்துபோகும். அந்த வேலையில் ஞானாபரணம் அண்ணன் கையை மிஞ்ச ஆள் கிடையாது. யூனியன் செயற்குழுவிலும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம், மே தினத்தில் எங்கள் மேடையில் ஆர்மோனியம். நான் செகரட்டரி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டு "வாங்க, போங்க" என்பார்.

மில்லின் பெயர் வேண்டாம். அந்த இடத்தில் இப்போது பத்து மாடி எழும்பி நிற்கிறது. நீச்சல்குளம் இருக்கிற இடம்தான் எங்கள் கேண்டீன்.

அந்த மில்லில் அதிகாரிகளுக்கு ஒரு கிளப் இருந்தது. அங்கே ஒரு பியானோ. வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது. பின்னால் வந்த நம் ஊர்த் துரைகளுக்குச் சீட்டாடத் தெரியும், பியானோ தெரியாது. அதன்மேல் சோடா பாட்டில் வைத்திருந்தார்கள். உள்ளே பூச்சி அரித்துக் கிடந்தது. பியானோவுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஞானாபரணம் அண்ணன்தான் எனக்குக் காட்டினார். வெளியே எண்பத்தெட்டுக் கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல். சுத்தியலின் தலையில் கம்பளி. கட்டையை அமுக்கினால் சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும். கம்பளி போனால் சத்தம் போச்சு. கிளப்புக்கு ஏதோ வேலையாகப் போனவர் இதைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம், "அட, இது நம்ம ரோலர் வேலைதானே!"

இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கிளப்புக்குப் போய்விடுவார். செக்‌ஷனில் கழித்துப்போட்ட கம்பளித் துண்டு, தோல் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசை, ஒரு சவர பிளேடு. எண்பத்தெட்டுச் சுத்தியலுக்கும் புதுத் தலை வைத்தார். மேனேஜர் மகிழ்ந்து போய், "உம்ம புள்ள வேணும்னா காலைல ஒரு மணி நேரம் பழகிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். டிஸ்பென்சரி நர்ஸ் மிஸ் லோபோ சொல்லிக்கொடுத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை லண்டனிலிருந்து ஆள் வந்து பரீட்சை வைப்பார்கள். ஹெப்சி வரிசையாகத் தேறிக்கொண்டே வந்தாள்.

ஆக, அந்தப் பியானோவின் மரம் வெள்ளைக்காரனுடையது. சத்தம் எங்கள் ரோலர் கவரிங் செக்‌ஷனுடையது. இது எனக்குத் தெரியும். அம்மணி, இது எனக்கு நன்றாகத் தெரியும். இதை முதலில் ஒத்துக்கொண்டு மேலே போகிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மாதம், ஸ்டிரைக் முப்பத்தோராம் நாள். வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றி வந்து மில்லை ஓட்டப் போகிறார்கள் என்று தகவல். கேட்டை மறிக்க வேண்டும். நான் நோட்டீஸ் எழுதினேன். 'நாளைக் காலை துரைமார் கிளப்பின் பியானோ கேட்டின் முன்னால் நிற்கும்! லாரி வரட்டும், பார்ப்போம்!' மூவாயிரம் பிரதி. கேட்டை மறிக்க மேஜை நாற்காலி போட்டிருக்கலாம், கல்லை உருட்டியிருக்கலாம். ஆனால் மேஜை நிற்கும் என்று எழுதினால் எவன் படிப்பான்?

அன்று சாயங்காலம் ஞானாபரணம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நோட்டீஸ் விஷயம் எப்படியோ காதில் விழுந்திருக்கிறது.

"தம்பி, எத வேணாலும் எடுங்க. பில்லியர்ட்ஸ் மேஜைய நானே வந்து தூக்கறேன். அந்தப் பொட்டி மட்டும் வேண்டாஞ் சாமி. பத்து நாள்ல புள்ளைக்குப் பரீட்சை."

"சரிங்கண்ணா. தொடமாட்டோம்" என்றேன்.

மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அவர் தெருமுனை திரும்பும்வரை அந்த மனசு இருந்தது. அப்புறம் நினைத்தேன், பாதி நோட்டீஸ் ஏற்கெனவே தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போய்விட்டதே.

நீங்கள் பள்ளிக்கூடம் போனவர், உங்களுக்கு இது புரியுமோ என்னமோ. நான் போகவில்லை. பதினொரு வயதில் மில் கேட்டில் காலில் மிதிபட்டுக் கிடந்த நோட்டீஸ்களைப் பொறுக்கித்தான் எழுத்துக் கூட்டினேன். பொதுவுடைமை என்கிற வார்த்தையை நான் படித்த பிறகுதான் அம்மா என்கிற வார்த்தையைப் படித்தேன். ரஷ்யா எங்கே, சீனா எங்கே, ரத்தத்தில் என்ன இருக்கிறது, கடவுள் ஏன் இல்லை, எல்லாம் நோட்டீஸில் படித்ததுதான். அச்சில் ஒன்று வந்துவிட்டால் அது நடந்தே தீர வேண்டும் எனக்கு. நோட்டீஸ் பொய்த்தால் நான் படித்த அத்தனையும் பொய்த்துவிடும் என்று ஒரு பயம். மனுஷனுக்குக் கொடுத்த வாக்கு வாயில் கொடுத்தது. காற்றில் போகும். இது மை.

விடிந்ததும் பன்னிரண்டு பேரை அனுப்பினேன். தூக்கி வரும்போது அவர் லுங்கியோடு ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கக்கூட இல்லை. "சாய்க்காதீங்கப்பா, சாய்க்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு மூலையில் தோளைக் கொடுத்தார். கேட் வரைக்கும் பதின்மூன்றாவது ஆளாகத் தூக்கி வந்தது அவர்தான்.

லாரியா? லாரி வந்தது. பின்பக்கம் நிலக்கரி வாசல் வழியாக உள்ளே போய்விட்டது. அதை நான் நோட்டீஸில் போடவில்லை.

அப்படியானால் பியானோவைத் திருப்பி உள்ளே கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டின் முன்னால் பியானோ நிற்கிற படம் பேப்பரில் வந்துவிட்டது அம்மணி. எடுத்தால் பின்வாங்கிவிட்டோம் என்று ஆகாதா? மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஐப்பசி மழை, விட்டு விட்டுப் பெய்யும், ஆனால் விடாது. அண்ணன் வந்து பந்தலின் தார்ப்பாயைக் கேட்டார். அதன் கீழே ஒன்பது பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். நான் எப்படிக் கொடுப்பேன்? கொடுக்கவில்லை. அது சரியான முடிவுதான், இன்றைக்கும் சொல்வேன். அவர் வீட்டுக்குப் போய் அவர் சம்சாரத்தின் சேலைகள் இரண்டைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்திக் கட்டினார். சேலை மழையைத் தாங்குமா? ஒன்பது நாள் நின்றது.

பரீட்சைக்கு ஹெப்சி போகவில்லை. பழக இடமில்லை.

ஸ்டிரைக் முடிந்தது. வெற்றி என்றுதான் நோட்டீஸ் போட்டேன், பாதி வெற்றி. நனைந்த பியானோவைக் கிளப் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் மாட்டுவண்டியில் ஏற்றி லைன் வீட்டுக்குக் கொண்டுபோனார். எட்டுக்குப் பத்து அறை. அதன் அடியில்தான் எல்லோரும் படுத்தார்கள். பத்தொன்பது கட்டைகள் வாயே திறக்கவில்லை. மறுபடி கம்பளி வைத்துச் சரிசெய்திருப்பார். ஆனால் அவரை ரோலர் கவரிங்கிலிருந்து தூக்கிப் பஞ்சு உதறுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். அங்கே கம்பளி ஏது, பசை ஏது. நிர்வாகம் யாரையும் இடம் மாற்றலாம் என்கிற ஒப்பந்தப் பிரிவில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன்.

அதற்கப்புறமும் அவர் மே தினத்துக்கு ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வருஷம்கூட விடவில்லை. இந்த விஷயத்தை என்னிடம் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் நாற்பது நிமிஷம் பேசினேன். ஸ்டிரைக்கைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பேன்.

இப்போது இரண்டு மாதத்துக்கு முன்னால் ஹெப்சி போன் செய்தாள்.

"மாமா, சி.டி. ஒண்ணு போடறேன்."

"இப்ப எவம்மா சி.டி. கேக்கறான்?"

"நெட்லயும் வரும் மாமா. ஆனா புஸ்தகம் வெச்ச சி.டி. ஒண்ணு கையில இருக்கணும்னு ஆசை. தனிப் பியானோ. வேற ஒரு வாத்தியமும் கிடையாது."

விவரம் சொன்னாள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு ஐரோப்பியப் பெரியவருடைய உருப்படிகள் ஏழு. அதற்குப் பிறகு, அந்தப் பெரியவருக்கு அஞ்சலியாகப் பின்னால் வந்தவர்கள் எழுதியவை நாலு. அவருடைய மெட்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தங்கள் பாணியில் பேசுவது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. நம் நினைவேந்தல் கூட்டம்தானே அது. செத்தவர் சொன்னதில் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறோமே, அதுதான்.

"கடைசி அஞ்சலி நான் எழுதினது மாமா. ஸ்டிரைக் சமயத்துல நடந்தத வெச்சு. ரெக்கார்டிங் நம்மூர்லதான், பழைய ஸ்கூல் ஹால்ல. கடைசி நாள் நீங்க வந்து உக்காரணும்."

ஸ்டிரைக்கை வைத்து! அம்மணி, என்ன நினைத்திருப்பேன் சொல்லுங்கள். நாற்பத்தாறு வருஷம் கழித்து ஒருத்தி எங்கள் போராட்டத்தைப் பியானோவில் ஏற்றியிருக்கிறாள், அதுவும் எந்தப் பியானோவை நான்... அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. மன்னிக்க என்ன இருக்கிறது, பெரிதானதும் அவளுக்கு அரசியல் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஜோரில்தான் உங்களிடம் வந்து இருநூறு நோட்டீஸ் அடித்தது.

போனேன். சிவப்புத் துண்டு புதிதாகக் கஞ்சி போட்டுப் போனேன். நாங்கள் பத்துப் பேர்தான். பெரிய மைக்குகள் இரண்டு கொக்கு மாதிரி நின்றன. ஒலிப்பதிவுக்காரர் கேரளத்துக்காரர், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"சாரே, ஆ துண்டு சத்தம் போடுது. கொஞ்சம் மாற்றி வைக்கணும்."

துண்டு சத்தம் போடுகிறதாம். மைக் முன்னால் என்னை யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. மடித்துப் பையில் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். ஒரு கிழவர் கடிகாரத்தைக் கழற்றி வெளியே கொடுத்தனுப்பினார்.

முதல் உருப்படி சுருக்கமாகத்தான் இருந்தது. படி ஏறுகிற மாதிரி, ஏறி ஏறி இறங்குகிற மாதிரி. எனக்கு இசை தெரியாது, ஆனால் அது மனதில் நின்றது. மற்ற ஆறும் போயின. அப்புறம் அஞ்சலிகள். ஒருத்தர் அந்தப் பெரியவரின் மெட்டை வயதானவர் நடக்கிற மாதிரி மெதுவாக்கியிருந்தார். ஒருத்தர் கோபமாக. மூன்றாவதில் தூங்கிவிட்டேன், பொய் சொல்லக் கூடாது.

கடைசி, அவளுடையது. ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலையில் கேட்ட அதே முதல் உருப்படி. அதே படி, அதே ஏற்றம். எனக்கே அடையாளம் தெரிந்ததில் ஒரு பெருமை. திடீரென்று ஒரு இடத்தில் நின்றது. மறுபடி தொடர்ந்தது. மறுபடி நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமில்லை, அப்புறம் தொடர்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன் அம்மணி. ஊர்வலத்தில் முன்னால் போகிறவன் "தொழிலாளர் ஒற்றுமை" என்று சொல்லிவிட்டு நிறுத்துவான். அந்த நிறுத்தம் எங்களுக்கானது. பின்னால் வருகிறவர்கள் நிரப்ப வேண்டும். அறுபது வருஷமாக இந்த உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது. ஸ்டிரைக்கைப் பற்றி என்றாளே, நமக்குத்தான் இடம் விட்டிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அடுத்த நிறுத்தம் வந்தது. எழுந்து, கையை உயர்த்தி, முழுத் தொண்டையில் கத்தினேன்:

"ஓங்குக!"

ஒலிப்பதிவுக்காரர் காதில் சூடு பட்டவர் மாதிரி மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்தார். "எந்தா இது! எந்தா இது!" என்கிறார். மற்ற ஒன்பது பேரும் என்னையே பார்க்கிறார்கள். நான் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

ஹெப்சி திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். கோபத்தைச் சமாளிக்கத்தான் வாழ்க்கை முழுக்கப் படித்திருக்கிறேன்.

"மாமா, அங்க சத்தம் வராது. மழையில போன கட்டை அது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளே எழுந்து வந்து மெதுவாகச் சொன்னாள். லைன் வீட்டுப் பியானோவில் நாலு வருஷம் வாசித்திருக்கிறாள். பத்தொன்பது கட்டைகள் பேசாது. அதையும் அமுக்கித்தான் வாசிப்பாள், விரல் போகும், சத்தம் வராது. அந்தப் பெரியவரின் உருப்படியை அவள் அப்படியே கற்றுக்கொண்டாள்.

"மெட்ராஸ் போயி ஒரு நல்ல பியானோவுல அத முழுசாக் கேட்டப்ப, வாசிக்கறவங்க தப்பா வாசிக்கறாங்கன்னு நெனச்சேன் மாமா. அது முழுசுன்னு நம்பறதுக்கே எனக்கு ரொம்ப நாளாச்சு."

"நான் போயிரட்டுமா சாமி?" என்று கேட்டேன்.

"வேண்டாம். உக்காருங்க. முதல்ல இருந்து வாசிக்கறேன்."

உட்கார்ந்தேன். மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை நான் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தேன். விரல் கட்டைமேல் இறங்குகிறது. கட்டை கீழே போகிறது. ஒன்றும் வருவதில்லை. இந்தக் கடைசி உருப்படிக்கு முன்னால், உள்ளே அந்தப் பத்தொன்பது சுத்தியலும் கம்பியைத் தொடாதபடி துணி வைத்துக் கட்டியிருக்கிறாள். விரல் அதை அவசரப்படாமல் அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. உருப்படி முடிவதற்குள் எத்தனை தடவை அப்படி வந்தது என்று என்னால் எண்ண முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் எச்சில் விழுங்குகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. மைக்கில் அதுவும் பதிந்திருக்கும்.

முடிந்ததும் பைக்குள் இருந்த இருநூறு நோட்டீஸையும் துண்டால் மூடிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் வந்து பிடித்துக்கொண்டாள்.

"மாமா, சி.டி.யோட ஒரு சின்னப் புஸ்தகம் வருது. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பக்கம். கடைசி உருப்படிக்கு நீங்கதான் எழுதணும். அந்தப் பியானோ எப்படி மழைக்கு வந்துச்சு, யாரு வெச்சாங்க. நாலு வரி போதும்."

"நானா?"

"நடந்தது தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் மிச்சம் இருக்கீங்க. எழுதத் தெரிஞ்சவரும் நீங்கதான்னு அப்பா சொல்லுவாரு."

அப்பா சொல்லுவாராம்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுதி அனுப்பினேன். உலக நூல் சந்தை, நிர்வாகத்தின் பிடிவாதம், பஞ்சப்படி, எல்லாம் சேர்த்து. அவள் போன் செய்தாள். "மாமா, இது நோட்டீஸ்." அவ்வளவுதான் சொன்னாள். இரண்டாவது எழுதினேன். 'யூனியன் செயற்குழுவின் முடிவின்படி பியானோ வெளியே கொண்டுவரப்பட்டது.' மறுபடி போன்.

"செயற்குழுவுல அப்பாவும் இருந்தாருங்களே மாமா. அவருமா சேர்ந்து முடிவு பண்ணாரு?"

செயற்குழு கூடவே இல்லை அம்மணி. அன்றைக்குக் கூட்டமே கிடையாது. நான் ஒருத்தன்தான் செயற்குழு.

அப்புறம், "புதன்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது மாமா. வரலைன்னா பரவால்ல. அந்தப் பக்கத்த வெறுமனே விட்டுர்றேன்" என்றாள்.

மிரட்டல் இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. உண்மையிலேயே விட்டுவிடுவாள். வெறும் பக்கம். இதுவரை எத்தனையோ பேர் என்னைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். துரோகி என்று எழுதியிருக்கிறார்கள், மேனேஜருக்கு வேண்டப்பட்டவன் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மறுநாளே மறுப்பு அடித்து ஒட்டியிருக்கிறேன். வெறும் பக்கத்துக்கு நான் என்ன மறுப்பு எழுதுவேன்?

நாளைக்குப் புதன்.

இன்னும் ஒன்று உங்களிடம் சொல்லவில்லை. சொல்லாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். ஹெப்சியும் அதைக் கேட்கவில்லை.

சேலை போர்த்தினார் என்றேன் அல்லவா. மறுநாள் கேட் மீட்டிங். எண்ணூறு பேர். முப்பத்தைந்து நாள் பட்டினி, மழை வேறு, கூட்டம் சோர்ந்து கிடந்தது. அண்ணன் அந்தப் பக்கம் நின்று, காற்றில் விலகின சேலையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். ஹெப்சி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். மைக்கில் சொன்னேன்: "பாத்தீங்களா, நம்ம ஞானாபரணம் அண்ணன் பொட்டிக்குச் சேலை கட்டி உட்டிருக்காரு. தாலியும் கட்டிட்டாரான்னு அண்ணியத்தான் கேக்கோணும்!"

எண்ணூறு பேரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தார்கள். விசில் அடித்தார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் போகிற வழியெல்லாம், "சின்ன வீடு சௌக்கியமாங்க?" என்று கேட்டார்கள்.

அவரும் சிரித்தார் அம்மணி. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருஷம் அதைத்தான் எனக்குள்ளே சாட்சியாக வைத்திருந்தேன். அவரே சிரித்தாரே, அப்புறம் என்ன? ஹெப்சி சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. சேலை முனையைப் பிடித்தபடி ஒலிபெருக்கிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரி. அடியுங்கள்.

'1979ஆம் வருஷம் மில் கிளப்பின் பியானோவை ஒன்பது நாள் தெருவில் நிறுத்தியது நான்.' முற்றுப்புள்ளி. 'வேண்டாம் என்று ஞானாபரணம் அண்ணன் என் வீட்டுக்கு வந்து கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.' முற்றுப்புள்ளி. 'மழை பெய்தது.' அது தனி வரியாகவே இருக்கட்டும். 'அவர் அதற்குச் சேலை போர்த்தினார். நான் மைக்கில் அவரைக் கேலி செய்தேன்.'

அவ்வளவுதான்.

காரணமா? காரணம் இருக்கிறது அம்மணி, கேட்டால் எட்டுப் பக்கம் எழுதுவேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

கீழே என் பெயர். 'தோழர்' போட்டுவிட்டீர்களா? பழக்கதோஷம், எடுத்துவிடுங்கள். வெறும் நாச்சிமுத்து போதும்.

இப்போது ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். இல்லை, இவ்வளவு சத்தமாக வேண்டாம். மெதுவாக. வெளியே ஜெராக்ஸ் எடுக்க ஆள் நிற்கிறது.